ஞானசீலனின் மலபரிபாகம்

ஓய்வு பெற்ற சப்ரிஜிஸ்திரார் உடையப்பன் ஒரு நாயைச் சைவத்துக்கு மாற்றினார். 1957ஆம் வருஷம் தைப்பூசத்தன்று, திண்டுக்கல் பேகம்பூருக்குப் பக்கத்துத் தெருவில் இது நடந்தது. நாயின் சம்மதம் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

நாய்க்கு அதுவரை டைகர் என்று பெயர். ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வீட்டில் வளர்ந்தது. அவரைத் தூத்துக்குடிக்கு மாற்றினார்கள். உப்புக் காற்று நாய்க்கு ஆகாது என்று அவர் மனைவி சொல்லிவிட்டதால், போகிற அன்று உடையப்பன் வீட்டு வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போனார். அல்சேஷன் சாதி என்று சொன்னார். நாயின் காதுகள் அதை ஒப்புக்கொண்டன. வால் ஒப்புக்கொள்ளவில்லை.

உடையப்பன் முப்பது வருஷம் பத்திரம் பதிந்தவர். எழுத்தில் ஏறாத எதுவும் நடந்ததாக அவர் நம்புவதில்லை. ஓய்வு பெற்ற கையோடு 'சைவ சீவகாருண்ய சபை' என்று ஒன்றைத் தொடங்கித் தாமே தலைவரானார். பூட்டுக்கடை கருப்பணன் செயலாளர். மொத்தம் பதினொரு உறுப்பினர்கள். பதினொரு பேரும் பிறந்ததிலிருந்தே சைவம். இதுதான் சபைக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. புலால் விட்டவர் என்று மேடையேற்றிக் காட்ட ஓர் ஆள் இல்லை. முஸ்லிம்கள் அதிகமுள்ள பேகம்பூரில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டவர்கள் மரியாதையாகச் சிரித்து, உட்காரச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பினார்கள். யாரும் மாறவில்லை. ஒரு வருஷத்துக் குறையை நாய் வந்து தீர்த்தது.

தைப்பூசத்தன்று நாயைக் குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு பூசி, ஞானசீலன் என்று பெயரிட்டார். "ஞானசீலா" என்று கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்காது. புகழில் பற்றில்லாத தன்மை என்று சபையில் விளக்கினார்.

காலையில் மோர்ச் சாதம். மதியம் பருப்புச் சாதமும் முருங்கைக் கீரையும். மாலையில் ஒரு சிறுமலைப் பழம். சோமவாரத்தில் ஒரு வேளை பட்டினி. பிரதோஷத்தன்று பால் மட்டும். உள்ளே போவது இப்படி ஒழுங்குபட்டபின், வெளியே வருவதையும் ஒழுங்காகக் குறிக்க வேண்டும் என்று உடையப்பனுக்குத் தோன்றியது. புது நோட்டு ஒன்று போட்டார். முதல் பக்கம் இப்படி இருந்தது:

'மேற்படி நாய் இன்று காலை ஆறு மணிக்கு மேற்படி வேப்பமரத்துக்குத் தெற்கே மலங்கழித்தது. நிறம் பச்சை. பதம் கூழ். எட்டரை மணிக்கு மறுபடியும். பத்து மணிக்கு மறுபடியும். பிற்பகல் இரண்டுக்குப் பூசையறை வாசலில். நாலரைக்கு, இடம் தெரியவில்லை, வாசனை மட்டும்.'

இதற்கெல்லாம் கீழே, பழவினை வெளியேறுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பழவினையை அள்ளிக் கொட்டியவள் ராமுத்தாய். நிலக்கோட்டைப் பக்கத்துக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. உடையப்பன் வீட்டில் வாசல் பெருக்கி, தொழுவம் கழுவி, கொல்லைக் கடைசியில் இருந்த ஓட்டு அறையில் குடியிருந்தாள். நாய் வந்த நாளிலிருந்து அந்த அறை வாசலில்தான் படுக்கும். அவள் "டைகரு" என்பாள். உடனே எழுந்து நிற்கும்.

"அம்மா, இது நாயா இல்ல எருமையா?" என்றாள் ஒருநாள், உடையப்பன் மனைவி சண்முகவள்ளியிடம். "அஞ்சு வேளை, ஆறு வேளை. ஒரு தடவைக்கு ஒரு தட்டுக்கூடை. தின்ன கீரை தின்னபடியே வருது. மத்த நாயின்னா அதுபாட்டுக்கு ஒரு தடவ போகும், வரும். இதுக்கே கூச்சமா இருக்கு, என்னயப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிருது."

"அவரு வினை வெளியேறுதுன்னு சொல்றாரு."

"வினையா? விலா எலும்ப எண்ணிரலாம்மா. இன்னும் ரெண்டு மாசம் வெளியேறுச்சுன்னா நாயும் வெளியேறிரும்."

சண்முகவள்ளி ஒன்றும் சொல்லவில்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் அந்த வீட்டில் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமலிருந்தாள். அதனால் வீட்டில் நடப்பது எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மாசி மாதம் ஒருநாள் ராமுத்தாய் தொழுவத்துக் குப்பையைக் கொட்டிவிட்டு, சாகுல் ஹமீதின் பிரியாணிக் கடைப் பின்சந்து வழியாக வந்தாள். நாய் கூடவே வந்தது. கடையின் பின்வாசலில் கழிவு எலும்பு ஒரு குவியலாகக் கிடந்தது. நாய் நின்றது. ராமுத்தாய் அதன் முகத்தைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தபடி செத்த நேரம் நின்றாள். அவள் கீழே பார்த்தபோது குவியல் பாதியாகியிருந்தது.

சாகுல் ஹமீது கையில் கரண்டியோடு வெளியே வந்தார்.

"என்னாத்தா, சப்ரிஜிஸ்திரார் வீட்டு நாயில்ல இது? சைவமாகிருச்சுன்னு நோட்டீசு குடுத்தாக?"

"ஆகிருச்சு பாய். கொஞ்சம் மறந்துருச்சு."

"எலும்புதான, தின்னுட்டுப் போகட்டும். ஆனா இந்தப் பக்கம் ஏறப்படாது. நான் தொழுகைக்குப் போறவன், மேல ஒரசிட்டா மறுபடி கழுவணும். அங்கயே நிக்கச் சொல்லு."

நாய் அங்கேயே நின்றது. அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு அங்கேயே நின்றது. பாயும் அதுவும் நாலடி தூரத்தில் ஒருவரையொருவர் மரியாதையாகப் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டே வாரத்தில் விலா மறைந்தது, மயிர் மினுங்கியது. போக்குவரத்தும் மாறியது. நாளைக்கு ஒரு தடவை, காலை ஆறரைக்கு, வேப்பமரத்துக்குத் தெற்கே மட்டும். சின்னச் சின்னக் கட்டியாக, சுண்ணாம்பு போல வெள்ளையாக, காய்ந்து, வாசனையே இல்லாமல். மிதித்தால் பொடியாகும். ராமுத்தாய்க்குக் கூடையே தேவைப்படவில்லை. எலும்பு தின்கிற நாய் வெள்ளையாகத்தான் போகும் என்பது அவள் ஊரில் நாய் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். கூடிப்போனால் அடைத்துக்கொள்ளும் என்பதும் தெரியும். ஆகவே நாலு எலும்புக்கு மேல் போகாமல் இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

பங்குனி முதல் தேதி காலையில் உடையப்பன் நோட்டோடு வேப்பமரத்தடிக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சண்முகவள்ளி! இங்கே வா. இதைப் பார்!"

அவள் வந்து பார்த்தாள். "கோலப்பொடி கொட்டிருக்கு."

"கோலப்பொடி அன்று. ஞானசீலன்."

"என்னது, நாயி போனதா?"

"வெண்மையைக் கவனி. வாசனை இருக்கிறதா பார்."

"நான் எதுக்குப் பாக்கணும்?"

"இல்லை! வாசனையே இல்லை!" என்றார் உடையப்பன்.

விஷயம் இதுதான். சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிடித்திருக்கிற அழுக்குக்கு மலம் என்று பெயர். ஆணவம், கன்மம், மாயை என்று மூன்று. அவை பழுத்து உதிரத் தயாராகிற நிலைக்கு மலபரிபாகம் என்பார்கள். பெரிய பெரிய முனிவர்கள் பல பிறவி எடுத்துக் காத்திருந்த நிலை அது. உடையப்பன் நாற்பது வருஷமாக அதைப் படித்துவந்தார். ஆனால் பரிபாகம் அடைந்த மலம் பார்வைக்கு எப்படி இருக்கும் என்று எந்த நூலிலும் எழுதியிருக்கவில்லை. அந்தக் குறை அவருக்கு உண்டு. இப்போது வேப்பமரத்தடியில் கிடந்தது.

ஒரு பிஸ்கட் டப்பாவில் மாதிரி எடுத்து வைத்தார். பூசை அலமாரியில் இடம் இருந்தது. சண்முகவள்ளி அன்றே திருநீற்றுச் சம்படத்தை எடுத்துச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "எதுக்கும் இருக்கட்டும்" என்றாள்.

சபை உறுப்பினர்கள் வந்து பார்த்தார்கள். நிறத்தைப் பார்த்தார்கள், நாயைப் பார்த்தார்கள், நாயின் மினுமினுப்பைப் பார்த்தார்கள். பருப்புச் சாதத்தில் இத்தனை சத்து இருப்பதை இவ்வளவு நாள் தெரியாமல் தின்றோமே என்று ஒருவர் வருத்தப்பட்டார். பூட்டுக்கடை கருப்பணன் மட்டும் பொருமலோடு போய், தம் வீட்டுப் பூனையைச் சைவமாக்கிப் பார்த்தார். பூனை மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்குப் போய்விட்டது.

'மலம் வெளுத்த வரலாறு' என்று எட்டுப் பக்கத்தில் ஒரு பிரசுரம் அச்சாயிற்று. அது எப்படியோ தஞ்சாவூர்ப் பக்கத்து மறைஞான அடிகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடிகள் ஊர் ஊராக மும்மலம் பற்றிச் சொற்பொழிவு செய்பவர். ஆனி மாதம் சபையின் ஆண்டு விழாவுக்குத் தாமே வந்து ஞானசீலனைப் பார்ப்பதாகவும், உடையப்பனுக்கு 'சீவகாருண்யச் செம்மல்' பட்டம் தருவதாகவும் கடிதம் எழுதினார். கூடவே, காலைப் பலகாரத்துக்குத் தமக்கு ஒத்துக்கொள்வது எவை எவை என்று தனித்தாளில் எழுதி வைத்திருந்தார்.

விழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை தோல் மண்டிக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாண விருந்து. சமையல் சாகுல் ஹமீது. அன்றைக்குப் பின்சந்தில் கிடந்தது குவியல் இல்லை, மலை. விழாவுக்குச் சாணி தெளிக்கச் சொல்லி வீட்டில் பிடித்துக்கொண்டதால் ராமுத்தாய் கூடப் போகவில்லை. நாய் பதினோரு மணிக்குத் தானாகப் போனது. மூன்று மணிக்குத்தான் திரும்பி வந்தது. வயிறு இரண்டு பக்கமும் தள்ளியிருந்தது. வந்து படுத்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு வேப்பமரத்தடியில் முதுகை வளைத்து நின்றது. முக்கியது. ஒன்றும் வரவில்லை. உடையப்பன் ஏழு மணி வரை நோட்டோடு காத்திருந்துவிட்டு, 'இன்று இல்லை' என்று எழுதினார்.

சனிக்கிழமை காலையும் நின்றது. முனகியது. வாயில் நுரையாக வந்தது. உடையப்பன் வெகுநேரம் யோசித்து எழுதினார்: 'இன்றும் இல்லை. மேற்படி மலம் மேற்படி நாயை விட்டு அறவே நீங்கிவிட்டதாகக் கருத இடமிருக்கிறது.'

மலபரிபாகத்துக்கு அடுத்த படி மலநீக்கம். அதுவும் விழாவுக்கு முதல் நாள் பார்த்து.

ராமுத்தாய் விளக்கெண்ணெய் புகட்டிப் பார்த்தாள். நாய் கக்கிவிட்டது. வயிற்றைத் தொட்டாள். உள்ளே கூழாங்கல் மூட்டை மாதிரி இருந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் ஒட்டன்சத்திரம் பக்கம் மாடுகளுக்கு ஊசி போடப் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார் என்றார்கள். திரும்பி வந்து சண்முகவள்ளியிடம் அழுதாள்.

"அம்மா, செத்துரும்மா. அடைச்சுக்கிருச்சு. ஐயாகிட்டச் சொல்லி ஆளனுப்பி டாக்டர வரவைங்கம்மா."

"என்னத்தன்னு சொல்றது? எதுனால அடைச்சுச்சுன்னு கேப்பாரே."

ராமுத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாய் கடைப் பக்கம் போறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" என்றாள் சண்முகவள்ளி. "பட்டை கிராம்பு வாசம் அடிக்குது அது வாயில. பிரதோஷத்தன்னைக்குக்கூட."

"அப்ப ஏம்மா நீங்க…"

"எதுக்குச் சொல்லணும்? நல்லாத்தான இருந்துச்சு." சண்முகவள்ளி குரலைத் தாழ்த்தினாள். "இப்பச் சொன்னா ஒன்னய இன்னைக்கே வெளியேத்திருவாரு. எங்க போவ?"

"எங்கயும் போக எடமில்லம்மா. ஆனா இது கண்ணு சொருகுதே."

அன்று மாலை ராமுத்தாய் உடையப்பன் முன்னால் போய் நின்றாள். நாய்க்கு முடியவில்லை என்று மட்டும் சொன்னாள். அவர் மேடைப் பேச்சு எழுதிக்கொண்டிருந்தார்.

"முடியவில்லை என்பது உலகியல் பார்வை. அது உணவையும் துறந்துவிட்டது பார்த்தாயா?"

"முக்குதுங்கய்யா."

"தவம்" என்றார் உடையப்பன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் பந்தல். நூறு நாற்காலி. பேகம்பூரிலிருந்து ஒலிபெருக்கி. நிலக்கோட்டையிலிருந்து இரண்டு மல்லிகை மாலை, ஒன்று அடிகளுக்கு, ஒன்று நாய்க்கு. நாயைப் பட்டுத் துண்டு விரித்த மணையில் படுக்க வைத்தார்கள். நிற்கச் சொன்னால் நிற்கவில்லை. அதன் அசையாமை கூட்டத்துக்குப் பிடித்திருந்தது.

உடையப்பன் எதையும் எழுத்தில் வாங்குகிறவர் அல்லவா? மூன்று நாளாக நாய் மலங்கழிக்கவில்லை என்பதற்கு ஓர் அதிகாரியின் அத்தாட்சி இருந்தால் நல்லது என்று நினைத்தார். அன்று விடியற்காலையில் ஊர் திரும்பியிருந்த கால்நடை டாக்டர் அப்துல் லத்தீபுக்கு ஆளனுப்பி, மேடையில் ஒரு நாற்காலியும் போட்டார். கையெழுத்துப் போட வேண்டிய தாளும் தயாராக இருந்தது.

பதிகம் பாடி முடிந்தது. அடிகள் வந்து உட்கார்ந்தார். நல்ல கனமான உருவம். பலகாரம் எல்லாம் ஒத்துக்கொண்டதாகத் தெரிந்தது. உடையப்பன் வரவேற்புரையில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, டாக்டரிடம் தாளை நீட்டினார்.

டாக்டர் தாளைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு மணைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நாயின் வயிற்றில் கை வைத்தார்.

"எத்தனை நாளாச்சு?"

"இன்றோடு மூன்று நாள். அறவே நீங்கிவிட்டது."

"நீங்கலை. உள்ளதான் இருக்கு. கல்லாட்டம்." டாக்டர் நாயின் ஈறைத் தூக்கிப் பார்த்தார். "வாந்தி எடுத்துச்சா?"

"துறந்தது."

"சரி, என்ன சாப்பிட்டுச்சு?"

"பருப்புச் சாதம், முருங்கைக் கீரை, மோர், சிறுமலைப் பழம்" என்றார் உடையப்பன், ஒலிபெருக்கிக்கு நேராக. கூட்டம் கை தட்டியது.

"வேற எதுவும்?"

"வேறொன்றும் இல்லை. சத்தியம்."

டாக்டர் எழுந்தார். முகம் மாறியிருந்தது. ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி வந்து மெல்லத்தான் பேசினார். ஆனால் பந்தல் ஓரத்தில் நின்ற ராமுத்தாய்க்குக் கேட்டது.

"சார், கவனமாக் கேளுங்க. எலும்பு அடைச்சிருந்தா எண்ணெயும் எனிமாவும் குடுத்து எடுத்துப் பாக்கலாம். நீங்க சொல்ற சாப்பாட்டுல இப்படிக் கல்லாக் கட்டாது. அப்ப இது குடல் முறுக்கு, இல்ல கட்டி. அதுக்கு எனிமா குடுத்தா குடல் பிய்ஞ்சு செத்துரும். வயித்தக் கிழிக்கணும். அதுக்கு இங்க வசதியில்ல, மெட்ராஸ் போகணும். அதுவரைக்கும் இது தாங்காது. ஆனதால ஒரே ஒரு கேள்வி. எலும்பு தின்னுச்சா, இல்லையா?"

உடையப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. "சைவ சபைத் தலைவன் வீட்டு நாயைப் பார்த்து…"

"தின்னுச்சுய்யா."

ராமுத்தாய் மேடைக்குக் கீழே வந்து நின்றிருந்தாள். கையில் துடைப்பம் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"நாந்தான் குடுத்தேன். மாசியிலருந்து. பாய் கடையில. வியாழக்கிழமை கல்யாண எலும்பு ரொம்பத் தின்னுருச்சு. என்னய என்ன வேணா செய்ங்கய்யா. இதக் காப்பாத்துங்க."

அவள் தள்ளித்தான் நின்றாள். உடையப்பன் ஒலிபெருக்கியை அணைக்கத் தவறியிருந்தார். அவள் குரலும் உரத்த குரல். பேகம்பூர் முனை வரை கேட்டது.

"என்ன எலும்பு?" என்றார் டாக்டர்.

"ஆட்டெலும்பு."

"மாசியிலருந்து வெள்ளையாப் போச்சா?"

"ஆமாய்யா. சுண்ணாம்பா."

டாக்டர் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. நாயை மல்லிகை மாலையோடு தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். "வெந்நீர் ரெண்டு வாளி, பார் சோப்பு ஒண்ணு, விளக்கெண்ணெய்" என்றார். ராமுத்தாய் ஓடினாள். சண்முகவள்ளி அதற்குள் வெந்நீரைச் சுமந்துகொண்டு வந்தாள். அவள் அதைக் காலையிலேயே போட்டு வைத்திருந்தாள்.

பந்தலில் யாரும் எழுந்து போகவில்லை. இதைப் பார்க்காமல் போக யாருக்கு மனம் வரும்? உடையப்பன் உட்கார்ந்தே இருந்தார். மறைஞான அடிகள் தொண்டையைச் செருமினார். நூறு ஊரில் பேசியவர். எந்தக் கூட்டத்திலும் சலசலப்பு வந்தால் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும் என்பது அவர் அனுபவம்.

"அன்பர்களே, மலம் எளிதில் நீங்குவதன்று" என்று தொடங்கினார். "அனாதியாய், செம்பில் களிம்பு போல் உயிரைப் பற்றியிருப்பது. அது நீங்கும் தறுவாயில் உயிர் படும் பாடு சொல்லி முடியாது. உயிர் அலறும்…"

தொழுவத்திலிருந்து நீளமாக ஓர் ஊளை கேட்டது.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடிகள் உற்சாகமானார். தம் பேச்சு இப்படி உடனுக்குடன் பலித்ததில்லை. அரைமணி நேரம் பேசினார். ஆணவத்துக்கு ஒரு ஊளை, கன்மத்துக்கு ஒரு ஊளை. மாயைக்கு வந்தபோது சத்தம் நின்றுவிட்டது.

டாக்டர் தொழுவத்திலிருந்து வெளியே வந்தார். முழங்கை வரை ஈரம். முகத்தைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டு, "போயிருச்சு" என்றார்.

உடையப்பன் எழுந்து நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. ஐந்து மாதம் நாயோடு வேப்பமரத்தடியில் நின்றவர். அவருக்கே தெரியாமல் ஏதோ ஒட்டியிருந்தது போல.

"எப்போ?" என்றார். செந்தமிழ் வரவில்லை. "கஷ்டப்பட்டுச்சா? கடைசியா என்னயக் கேட்டுச்சா?"

"என்ன சார் சொல்றீங்க? அடைப்புப் போயிருச்சு. நாய் இருக்கு. தண்ணி குடிக்குது."

உடையப்பன் உட்கார்ந்தார். நன்றாக மூச்சு விட்டார். இரண்டு நிமிஷம் கழித்துத்தான் தாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது.

செயலாளர் கருப்பணன் எழுந்தார். "டாக்டர், வந்தது என்னன்னு சபைக்குச் சொன்னா நல்லது. நிகழ்ச்சிக் குறிப்புல ஏத்தணும்."

"எலும்பு" என்றார் டாக்டர். "பெரும்பாலும் நெஞ்செலும்பு. ஒரு மூட்டும் இருந்துச்சு."

"ஆட்டு மூட்டா?"

"வெள்ளாடு."

"வெள்ளாடு" என்று கருப்பணன் நிதானமாக எழுதிக்கொண்டார்.

எல்லோரும் அடிகளைப் பார்த்தார்கள். அடிகள் கண்களை மூடிச் சிறிது நேரம் இருந்தார். அவருடைய திருச்சி ரயில் மூன்று மணிக்கு. மணி பன்னிரண்டரை. பட்டத்துக்கான பொன்னாடை அவர் மடியில் மடித்தபடி இருந்தது.

"மலம் நீங்கிற்று அல்லவா?" என்றார் கண்ணைத் திறந்து. "எந்த மலம் என்பது சிறு விவரம். இலை போடலாம்."

பொன்னாடை யார் தோளில் விழுந்தது என்பதில் சபைக் குறிப்பும் ஊரார் பேச்சும் வேறுபடுகின்றன. டாக்டருக்குப் போர்த்தினார்கள் என்பதே பெரும்பான்மை. அவருடைய சட்டை நனைந்திருந்தது.

மறுநாள் காலை ராமுத்தாய் தன் துணிமணிகளை ஒரு சாக்கில் கட்டி அறை வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நாய் அவள் காலில் தலை வைத்துப் படுத்திருந்தது. மூன்று வாரத்துக்கு எலும்பே காட்டக் கூடாது, வெந்த கறியும் சோறும் தண்ணீரும் தர வேண்டும், கீரை வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். இனி கறி இல்லாமல் வைத்தால் அடுத்த முறை தம்மைக் கூப்பிட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

உடையப்பன் இரவெல்லாம் யோசித்திருந்தார். ராமுத்தாயை வெளியே அனுப்பலாம். ஆனால் காரணம் கேட்பார்கள். வேலைக்காரி நாய்க்கு எலும்பு போட்டாள் என்று எழுத்தில் ஏற்றினால், நாய் எலும்பு தின்றது என்பதும் அதே எழுத்தில் ஏறும். நாயை வீட்டில் வைத்துக்கொண்டால் கறி வாங்க வேண்டும். விரட்டினால் சீவகாருண்யம் என்ன ஆவது? நாய் சாகட்டும் என்று விட்டுவிடுகிற ஆளும் அவர் இல்லை. அது நேற்று அவருக்கே தெரிந்துபோயிருந்தது.

எட்டு மணிக்கு அவர் ஒரு தாளோடு கொல்லைக்கு வந்தார். பின்னாலேயே சண்முகவள்ளி மைப்பெட்டியோடு வந்தாள். ராமுத்தாய் எழுந்து சாக்கைத் தூக்கினாள்.

"கீழ வை அத" என்றாள் சண்முகவள்ளி.

உடையப்பன் தாளைப் படித்தார். நாயைப் பத்திரம் பதியச் சட்டத்தில் இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் எழுதியிருந்தார்.

"உடையப்பன் ஆகிய நான் ராமுத்தாய் ஆகிய உனக்கு மனப்பூர்வமாய் எழுதிக்கொடுத்த தானப் பத்திரம். என் அனுபவத்தில் இருந்துவருகிற ஞானசீலன் என்னும் நாயை இன்று முதல் நீயே சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மேற்படி நாய் கிழக்குப் பார்த்து நிற்கையில் அதற்கு நான்கெல்லை: கிழக்கே மூக்கு, மேற்கே வால், தெற்கிலும் வடக்கிலும் விலா. இதற்குட்பட்ட யாவும் தானத்தில் சேர்ந்தது. உட்புறம் உள்ளவற்றுக்கும் இனி வெளிவரக்கூடியவற்றுக்கும் நான் பொறுப்பல்ல."

"அப்ப நான் எங்கய்யா இருக்குறது?"

"இந்த அறையிலேயே இரு. வேலையும் பார். நாய் உன்னுடையது. உன் அறையில் நீ அதற்கு என்ன ஆக்கிப் போடுகிறாய் என்று நான் வந்து பார்க்கமாட்டேன்."

சண்முகவள்ளி மைப்பெட்டியைத் திறந்து நீட்டினாள். ராமுத்தாய் பெருவிரலைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"என்ன பேரு போட்டிருக்கு?"

"ஞானசீலன்."

"நான் ஒட்டமாட்டேன்."

"ஏன்?"

"ஞானசீலன்னா யாருன்னே எனக்குத் தெரியாதுய்யா. நாளைக்கு எவனாவது வந்து இது ஞானசீலன் இல்லன்னு புடிச்சுக்கிட்டுப் போனா நான் என்ன செய்ய? வேணும்னா கூப்ட்டுப் பாருங்க."

உடையப்பன் நாயைப் பார்த்தார். "ஞானசீலா" என்றார். நாய் ஓர் ஈயைப் பார்த்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'ஞானசீலன் என்கிற' என்று எழுதி நிறுத்தினார். பேனா சிறிது நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு 'டைகர்' என்று சேர்த்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

"டைகர்" என்று எழுதியதை வாய்விட்டுப் படித்தார்.

நாய் எழுந்து நின்று அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. அவரிடம் அது வாலை ஆட்டியது அதுதான் முதல் தடவை. உடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னும் ஒரு வரி இருக்கிறது" என்றார். "மேற்படி நாயின் மீது முன் வில்லங்கம் எதுவும் கிடையாது."

"வில்லங்கம்னா?"

"அப்படின்னா," என்றார் உடையப்பன், "பழசக் கிண்டிக்கிட்டு இனிமே யாரும் வரக்கூடாதுன்னு அர்த்தம்."

"அது நல்லதுதான்" என்று ராமுத்தாய் பெருவிரலை மையில் அழுத்தினாள்.